மூன்று கற்சிலைகளை விற்று வாங்கிய கேமரா

கேள்வி இது: பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்து தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் தயாரிப்பாளராகும் ஒருவரின் தொழில் வாழ்க்கை எப்படி இருக்கும்? பணம் திரட்டுவது, ஆள் சேர்ப்பது, படத்தை விற்பது என்று மற்ற தயாரிப்பாளர்கள் செய்வதுதானா, வேறு ஏதாவது உண்டா?

பொதுவாகப் பதில் சொல்லத் தொடங்கினால் பேச்சு வழவழவென்று போய்விடும். பழங்குடி என்ற ஒரு சொல்லுக்குள் நியூசிலாந்தின் மாவோரிகளையும் ஆஸ்திரேலியாவின் தொல்குடிகளையும் ஆர்க்டிக்கின் இனுயிட் மக்களையும் அடைத்துவிடுகிறோம். அவர்களுக்குள் ஒற்றுமையைவிட வேற்றுமைதான் அதிகம். ஆகவே ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்: கனடாவின் வடகோடியில், இக்லூலிக் என்ற சிறிய ஊரிலிருந்து படமெடுக்கும் இனுயிட்காரர் ஜக்கரியாஸ் குனுக். அவரை இயக்குநர் என்றே உலகம் அறியும். நாற்பது ஆண்டுகளாக அவர் செய்ததில் பெரும்பகுதி தயாரிப்பாளரின் வேலை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

குனுக் 1957இல் கபுயிவிக் என்ற இடத்தில் பிறந்தார். ஊர் என்று சொல்ல முடியாது. சில வேட்டைக் குடும்பங்கள் கூடாரமடித்து வாழ்ந்த கடலோரம். 1966இல் பள்ளிக்கூடத்துக்காக இக்லூலிக் கொண்டுவரப்பட்டார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் அரசு தரும் குடும்ப உதவித்தொகை நின்றுவிடும் என்பது பெற்றோருக்குச் சொல்லப்பட்டிருந்தது. பள்ளியில் ஆங்கிலம். ஊர்க்கூடத்தில் அவ்வப்போது சினிமா. டிக்கெட் 25 சென்ட். அந்தக் காசுக்காகப் பையன் மாக்கல்லில் சிற்பம் செதுக்கி விற்றான். திரையில் ஓடியவை பெரும்பாலும் குதிரைப்படைப் படங்கள். அமெரிக்கப் பூர்வகுடிகள் சுடப்பட்டு விழும்போது தாங்களும் குதிரைப்படையின் பக்கம் நின்று ஆரவாரம் செய்ததைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

செதுக்குவதில் கை தேர்ந்தது. 1981இல் மூன்று சிற்பங்களை எடுத்துக்கொண்டு மான்ட்ரியல் போனார். விற்ற பணத்தில் ஒரு வீடியோ கேமரா, பதிவுக்கருவி, 26 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி. வேட்டைக்குப் போய்த் திரும்பும் அவருடைய அப்பா, நண்பர்களோடு தேநீர் குடித்தபடி நடந்ததையெல்லாம் சொல்லுவார். அதைப் படமாகக் காட்டினால் என்ன என்பதுதான் எண்ணம். வீட்டில் தான் எடுத்த நாடாக்களைப் போட்டுப் பார்த்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஊர்ப் பிள்ளைகள் கூடிநின்று உள்ளே எட்டிப்பார்த்தார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அவர் பெட்டி வாங்கியபோது இக்லூலிக்கில் தொலைக்காட்சி ஒளிபரப்பே கிடையாது. வசதி வராததால் அல்ல. வேண்டாம் என்று ஊரே வாக்களித்திருந்தது. 1972இல் கனடா அனிக் செயற்கைக்கோளை ஏவிய பிறகு, தெற்கிலிருந்து நிகழ்ச்சிகள் வடக்கின் ஒவ்வொரு குடியிருப்பாக வந்து இறங்கின. எல்லாம் ஆங்கிலமும் பிரெஞ்சும். தங்கள் மொழியான இனுக்டிடுட்டில் ஒரு வார்த்தை இல்லாத பெட்டி வீட்டுக்குள் வந்தால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று இக்லூலிக் பெரியவர்கள் கேட்டார்கள். 1970களில் இருமுறை வாக்கெடுப்பு நடந்தது, இருமுறையும் மறுத்தார்கள். தொலைக்காட்சியை நிறுத்திவைத்து நிபந்தனை போட்ட ஊர் என்று உலகில் எத்தனை இருக்கும்? தங்கள் மொழியில் நிகழ்ச்சி வரும் என்ற நிலை உருவான பின், 1983இல்தான் சம்மதித்தார்கள்.

அந்த நிலையை உருவாக்கியது 1981இல் அமைந்த இனுயிட் ஒலிபரப்புக் கழகம். 1982 தொடக்கத்தில் அதன் ஒளிபரப்பு ஆரம்பமானது. ஐந்தாறு குடியிருப்புகளில் உள்ளூர் இளைஞர்களுக்குக் கேமரா பிடிக்கவும் தொகுக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். குனுக் இக்லூலிக் நிலையத்தில் சேர்ந்து மூத்த தயாரிப்பாளராகவும் நிலைய மேலாளராகவும் ஆனார். அங்கே உடன் இருந்தவர் பால் அப்பக் அங்கிலிர்க். பழைய இனுயிட் பயண வழியில் நாய்வண்டியில் கிரீன்லாந்து வரை போய்ப் படம்பிடித்து வந்தவர். பிற்பாடு வரப்போகும் பெரிய படத்தின் விதை அவரிடம்தான் இருந்தது.

கேள்விக்கான விடையின் முதல் பகுதி இங்கே வருகிறது. நம் பக்கத்தில் ஒருவர் தயாரிப்பாளராக வேண்டுமென்றால் தொழில் ஏற்கெனவே இருக்கிறது. நடிகர் இருக்கிறார், ஆய்வகம் இருக்கிறது, விநியோகஸ்தர் இருக்கிறார், வட்டிக்குக் கொடுப்பவரும் இருக்கிறார். குனுக்குக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. அப்போது சுமார் ஆயிரம் பேர் வாழ்ந்த ஊரில், அருகில் உள்ள நகரத்துக்கு விமானத்தில்தான் போக வேண்டிய இடத்தில், ஒரு தொழிலையே முதலில் தயாரிக்க வேண்டும். படம் அதற்குப் பிறகு.

ஒலிபரப்புக் கழகத்திலேயே இருந்திருந்தால் மாதச் சம்பளத்தோடு வாழ்க்கை ஓடியிருக்கும். ஆனால் 1991இல் விலகினார். நிகழ்ச்சிகள் வடக்கில் தயாராகும், பெரிய முடிவுகள் தெற்கே ஒட்டாவாவில் எடுக்கப்படும் என்பதுதான் அவர் மனத்தாங்கல். அரசு மானியமும் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம். இந்தத் தொழில் வாழ்க்கை முழுவதையும் ஒரே கேள்வியால் கோத்துவிடலாம் என்பது என் கணிப்பு: முடிவு எந்த ஊரில் எடுக்கப்படுகிறது? வேலையை விட்டதும் அதற்காக, நிறுவனம் தொடங்கியதும் அதற்காக.

நிறுவனம் 1990இலேயே பதிவாகிவிட்டது. பெயர் இக்லூலிக் இசுமா. இசுமா என்றால் அவர்கள் மொழியில் சிந்தனை. பங்குதாரர் நால்வர்: குனுக், அப்பக், பவுலூசி குலிதாலிக் என்ற மூத்தவர், நார்மன் கோன் என்ற நியூயார்க்கில் பிறந்த வீடியோக் கலைஞர். முதல் மூவரும் இனுயிட்டுகள் என்பதால் நிறுவனத்தின் 75 சதவீதம் இனுயிட் கையில். கோனைப் பற்றிச் சிலர் முகம் சுளிப்பார்கள், வெளியாள் ஒருவர் உள்ளே எதற்கு என்று. 1985இல் வடக்கே ஒரு பயிற்சிப் பட்டறையில் குனுக்கைச் சந்தித்த அவர், பிறகு இக்லூலிக்குக்கே குடிபெயர்ந்தார். தெற்கில் உட்கார்ந்துகொண்டு ஆலோசனை சொன்னவர் இல்லை; கேமராவைத் தோளில் சுமந்து பனியில் நின்றவர். மானிய அலுவலகங்களின் ஆங்கிலம் எப்படிப் பேசும் என்றும் அவருக்குத் தெரியும். அந்தத் திறமையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

தொடக்க காலப் படங்கள் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: கக்கிக் (1989), நுனாக்பா (1991), சபூட்டி (1993). குடியிருப்புகளுக்கு வருவதற்கு முந்தைய 1930களின் வாழ்க்கையை ஊர்க்காரர்களே நடித்துக் காட்டினார்கள். எழுதிய வசனம் கிடையாது. பெரியவர்கள் நிலைமையைச் சொல்வார்கள், நடிப்பவர்கள் அதற்குள் வாழ்வார்கள். அதே முறையில் 1994-95இல் நுனாவுட் என்ற 13 பகுதித் தொலைக்காட்சித் தொடர் வந்தது. 1945இல் வாழும் சில குடும்பங்களின் ஓர் ஆண்டு, பருவம் பருவமாக. 2002இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமென்டா என்ற பெரும் கலைக் கண்காட்சியில் அந்தத் தொடர் காட்டப்பட்டது. தொலைக்காட்சித் தொடர் கலைக்கூடத்துக்குப் போவது நாம் அடிக்கடி காண்பதல்ல.

இந்தத் தொடருக்கான தயாரிப்பு வேலையை யோசித்துப் பாருங்கள். கடையில் போய் உடை வாங்க முடியாது. கரிபூ என்ற பனிமானின் தோலை எப்படிப் பதப்படுத்துவது, எந்தத் தையல் போட்டால் தண்ணீர் உள்ளே வராது என்று வயதான பெண்கள் சொல்லிக்கொடுக்க, இளைய பெண்கள் தைத்தார்கள். கல் விளக்கு, தோல் கூடாரம், சறுக்கு வண்டி எல்லாமே அப்படித்தான். தயாரிப்புச் செலவு என்று கணக்கில் எழுதப்பட்ட பணம் ஊரில் சம்பளமாக இறங்கியது. அதே பணம் மறையவிருந்த கைவேலைக்குப் பயிற்சிக் கட்டணமாகவும் ஆனது. படம் சுமாராக வந்திருந்தாலும் அந்தத் தையல் தெரிந்த இருபது பேர் மிச்சம். இப்படிக் கணக்குப் பார்க்கும் தயாரிப்பாளரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பெண்கள் நடித்ததோடும் தைத்ததோடும் நிற்கவில்லை. 1991இல் இக்லூலிக்கில் ஆர்னைட் என்ற பெண்கள் வீடியோக் குழு தனியாக உருவானது. அவர்களுடைய முதல் முழுநீளப் படம் 2008 டொரொன்டோ திரைப்பட விழாவில் சிறந்த கனடிய முதல் படத்துக்கான விருது பெற்றது.

இனி பெரிய படம். அட்டனார்ஜுவாட் என்ற வேகமான ஓட்டக்காரனின் கதை, இக்லூலிக் பகுதியில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வந்த பழங்கதை. பொறாமை, கொலை, கடற்பனியின் மேல் நிர்வாணமாக ஓடித் தப்பும் மனிதன். அதைப் படமாக்க வேண்டும் என்பது அப்பக்கின் ஆசை. எட்டுப் பெரியவர்களிடம் தனித்தனியே கதையைச் சொல்லச் செய்து பதிவு செய்தார். ஒவ்வொருவர் சொன்னதிலும் ஒவ்வொரு நுணுக்கம். அவற்றைச் சேர்த்து இனுக்டிடுட்டிலேயே திரைக்கதை எழுதினார்கள். பணம் தரும் அலுவலகத்தார் படிக்க வேண்டுமே என்பதற்காகக் கூடவே ஓர் ஆங்கிலப் பிரதியும். ஒரு திரைக்கதையை இரண்டுமுறை எழுதும் கூலி எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஏறாது.

பணம்தான் பெரும்பாடு. கனடாவில் படங்களுக்கு அரசு நிதி கிடைக்கும். ஆனால் ஆங்கில, பிரெஞ்சுப் படங்களுக்கு ஒரு பை, பழங்குடி மொழிகளுக்குத் தனியே ஒரு சின்னப் பை. அந்தச் சின்னப் பையிலிருந்து ஒரு படத்துக்கு எடுக்கக்கூடிய தொகை முழுநீளக் கதைப்படத்துக்குப் போதாது. தனி ஒதுக்கீடு என்று கேட்கும்போது சலுகை போலத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் உச்சவரம்பு. 1998இல் தொடங்கிய வேலை பணமில்லாமல் நின்றது. வேறு இடமாக இருந்தால் இரண்டு மாதம் தள்ளிவைத்துத் தொடரலாம். அங்கே கதைக்கு வேண்டிய பனி இளகிவிட்டால் அடுத்த வசந்தம்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. நிதி விதிகளை எதிர்த்துக் கடிதம் எழுதி, பத்திரிகைகளில் பேசி, கடைசியில் அரசு நிதியும் கனடியத் தேசியத் திரைப்பட வாரியத்தின் கூட்டுத் தயாரிப்பும் கைகூடி 1999இல் படப்பிடிப்பு நடந்தது. மொத்தச் செலவு ஏறத்தாழ 20 லட்சம் கனடிய டாலர். இதற்கிடையில் 1998 இறுதியில் அப்பக் புற்றுநோயால் இறந்துபோனார். தான் எழுதிய படத்தை அவர் பார்க்கவில்லை.

35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்காமல் டிஜிட்டல் வீடியோவில் எடுத்துப் பிறகு ஃபிலிமுக்கு மாற்றினார்கள். பத்தாண்டுகளாகத் தொலைக்காட்சிக்காக வீடியோவில் பழகிய குழு அது. சறுக்கு வண்டியில் கேமராவை வைத்து இழுத்துக்கொண்டு, ஓடும் நடிகருக்குப் பக்கத்திலேயே போக முடிந்தது. படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போது அந்தக் காட்சிகளையும் காட்டுகிறார்கள்: குளிர்க்கண்ணாடி போட்ட ஊர்ப் பையன்கள், பனியில் வண்டி, நாட்டார் உங்கலாக் என்ற அந்த நடிகர். சில விமர்சகர்களுக்கு அது மாயையைக் கலைப்பதாகப் பட்டது. எனக்கு அந்த ஒரு நிமிடம் மிகவும் பிடிக்கும். கொஞ்சம் முன்புவரை பழங்காலத்தவர்போல் நடமாடியவர்கள் நம் காலத்து மனிதர்கள் என்று மூக்கைப் பிடித்துத் திருப்பிக் காட்டுகிறது.

படத்தை முதலில் எங்கே காட்டினார்கள் என்பதும் தயாரிப்பாளரின் முடிவுதான். 2000 டிசம்பரில் இக்லூலிக் மக்களுக்கு. அதற்குப் பிறகுதான் 2001 மே மாதத்தில் பிரான்சின் கான் விழா. அங்கே சிறந்த முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருது கிடைத்தது. மேடையில் குனுக் இனுக்டிடுட்டில் பேசினார். கனடாவின் ஜெனி விருதுகளில் சிறந்த படம் உட்பட ஆறு. வட அமெரிக்கத் திரையரங்குகளில் 35 லட்சம் டாலருக்கு மேல் வசூல், அதுவும் முழுக்க முழுக்க இனுக்டிடுட்டில் பேசும், மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைந்த படத்துக்கு. 2015இல் டொரொன்டோ விழா நடத்திய கருத்துக்கணிப்பில், எக்காலத்துக்குமான கனடியப் படங்களின் வரிசையில் முதலிடம்.

இங்கே நிறுத்திவிட்டால் வெற்றிக்கதையாகத் தோன்றும். தொழில் வாழ்க்கை அப்படிப் போகவில்லை. 2006இல் டென்மார்க்கோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த அடுத்த பெரிய படம், 1920களில் ஒரு இனுயிட் மந்திரவாதி கிறித்தவத்துக்கு மாறும் கதை. டொரொன்டோ விழாவின் தொடக்கப் படமாகக் காட்டப்பட்டது. முந்தைய படத்தின் கூட்டம் இதற்கு வரவில்லை. மெதுவான, துக்கமான படம். என்னைக் கேட்டால் அதுதான் ஆழமானது, ஆனால் வசூலுக்கு என் கருத்து உதவாது. 2011இல் இசுமா நிறுவனம் கடன்காரர்கள் சார்பில் நியமிக்கப்பட்ட நிர்வாகத்தின் கைக்குப் போனது. கானில் விருது வாங்கியவரின் கம்பெனி பத்தே ஆண்டில் திவாலின் விளிம்பில். குனுக் கிங்குல்லிட் என்ற வேறு நிறுவனத்தின் பெயரில் வேலையைத் தொடர்ந்தார். விருதுக்கும் வங்கிக்கணக்குக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது எல்லா ஊரிலும் உண்டு. இவர்கள் மொழி பேசுவோர் மொத்தமே சில பத்தாயிரம் பேர். சொந்தச் சந்தை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு படமும் மானியத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

விநியோகத்தில் அவர்கள் செய்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சினிமா பற்றி எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். பெரும்பாலான ஆர்க்டிக் குடியிருப்புகளில் திரையரங்கு கிடையாது. கானில் பார்த்தவர்கள் எண்ணிக்கையைவிட, பக்கத்துக் குடியிருப்பில் பார்த்தவர்கள் குறைவாக இருந்தால் எதற்கு இந்தத் தொழில்? 2008இல் இசுமா டிவி என்ற இணையத் தளத்தைத் தொடங்கினார்கள். தங்கள் படங்களோடு உலகின் பிற பழங்குடி மக்களின் படங்களையும் அதில் ஏற்றலாம். ஆனால் வடக்கில் இணைய வேகம் நத்தை. வீடியோ பார்க்க முயன்றால் சுற்றிக்கொண்டே இருக்கும், கட்டணமோ கொள்ளை. அதற்கு ஒரு வழி கண்டார்கள். குடியிருப்புகளில் சிறு சேமிப்புக் கணினிகளை நிறுவி, படங்களை மெதுவாக இரவும் பகலும் அவற்றில் இறக்கிவைத்து, ஊருக்குள் இருப்பவர்கள் அங்கிருந்தே வேகமாகப் பார்க்கும்படி செய்தார்கள். உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியிலும் அவற்றை ஓடவிட்டார்கள். இதன் நீட்சியாக 2021 ஜனவரியில் உவாகுட் டிவி வந்தது. 24 மணி நேரமும் இனுயிட் மொழியில் ஒளிபரப்பாகும் கனடாவின் முதல் அலைவரிசை. உவாகுட் என்றால் நாங்கள், எங்கள். இனுக்டிடுட் பேசாத பெட்டி வேண்டாம் என்று வாக்களித்த ஊரின் மனிதர்கள் நாற்பது ஆண்டுக்குப் பின் அந்த மொழியை மட்டும் பேசும் அலைவரிசையை உருவாக்கியிருக்கிறார்கள்.

அதே கருவிகளை வேறொன்றுக்கும் பயன்படுத்தினார்கள். பாஃபின் தீவின் மேரி ஆற்றுப் பகுதியில் பெரிய இரும்புச் சுரங்கம் வரவிருந்தது. 2012இல் அதற்கான பொது விசாரணையில் குனுக் முறைப்படி மனுச் செய்து பங்கேற்றார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆங்கில ஆவணத்தை வேட்டைக்காரர்கள் எப்படிப் படிப்பார்கள்? மக்களின் பேச்சை வானொலியிலும் வீடியோவிலும் அவர்கள் மொழியிலேயே பதிவு செய்து விசாரணைக் குழுவின் முன் வைத்தார்கள். தயாரிப்பாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு இது அப்பாவின் தேநீர்ப் பேச்சைப் பதிவு செய்ய வாங்கிய கேமராவின் நேரான தொடர்ச்சியாகவே தெரிகிறது.

பிற சமூகங்களுக்கும் இந்த அனுபவம் போனது. கனடாவின் மேற்குக் கரையில் வாழும் ஹைடா மக்களின் மொழியைச் சரளமாகப் பேசுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்களே. 2018இல் அந்த மொழியிலேயே ஒரு முழுநீளப் படம் வந்தது. இயக்கியவர்கள் இருவரும் பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். தயாரிப்பில் குனுக்கின் குழு துணை நின்றது. நடிகர்களுக்கே மொழி தெரியாது. முகாம் போட்டு முதியவர்களிடம் கற்றுக்கொண்டுதான் நடித்தார்கள். தோல் உடைத் தையலில் நடந்ததேதான், இம்முறை ஒரு மொழிக்கு.

ஆக, அந்தப் பாதையில் வர நினைப்பவருக்கு நடைமுறையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? நிதி விதிகளைப் பத்தி பத்தியாகப் படிக்கத் தெரிய வேண்டும், எந்தப் பையில் உச்சவரம்பு ஒளிந்திருக்கிறது என்று. பெரியவர் ஒருவர் கதை சொல்லும்போது குறுக்கே பேசாமல் உட்காரத் தெரிய வேண்டும். அந்தக் கதை யாருடையது, எந்தப் பகுதியைப் பொதுவில் காட்டலாம் என்று கேட்டு அனுமதி பெறவும் தெரிய வேண்டும். படம் தோற்றாலும் அதே ஊரில், அதே கடையில், நடித்தவர்களின் முகத்தில் விழிக்க வேண்டியவர் இவர் என்பதால் கணக்கு வழக்கில் சுத்தம் கட்டாயம். தெற்கே ஸ்டுடியோவில் வேலை கிடைத்தால் போகக்கூடாதா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். அப்படிப் போன திறமையான பழங்குடித் தயாரிப்பாளர்கள் பல நாடுகளில் உண்டு. குனுக் போகவில்லை, அவ்வளவுதான். 2025இல் பெர்லின் விழாவில் முதலில் காட்டப்பட்ட அவருடைய உயிக்சரிங்கிடாரா படமும் இக்லூலிக் பக்கத்துப் படம்தான்.

அவருடைய படங்களில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருக்கிறது என்றால், எல்லோரும் சொல்லும் ஓட்டக்காரனின் கதையை நான் சொல்ல மாட்டேன். 2019இல் வந்த நோவா பியுகாட்டுக்கின் ஒரு நாள் பற்றிய படத்தைப் பாருங்கள். அந்த ஆண்டு வெனிஸ் கலைக் கண்காட்சியில் கனடாவின் அரங்கு இசுமா குழுவுக்குத் தரப்பட்டது. இனுயிட் கலைஞர்களுக்கு அதுவே முதல்முறை. அங்கே காட்டப்பட்ட படம் இது. 1961 மே மாதம், கபுயிவிக் முகாமிலிருந்து வேட்டைக்குக் கிளம்பும் நோவாவை வழியில் ஓர் அரசு அலுவலர் மொழிபெயர்ப்பாளரோடு வந்து மறிக்கிறார். பனிமேல் தேநீர் காய்கிறது. குடியிருப்புக்கு வந்துவிடுங்கள், வீடு தருகிறோம், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும் என்கிறார் அலுவலர். நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் இரு பக்கமும் கூர்மையான சொற்களை மழுக்கிவிடுகிறார், சிலவற்றை விட்டேவிடுகிறார். படத்தின் பெரும்பகுதி இந்த ஒரே உரையாடல்தான். நோவா எரிச்சல்படாமல், திரும்பத் திரும்ப, முடியாது என்கிறார்.

குனுக்குக்கு அப்போது வயது மூன்றரை. அதே கபுயிவிக்கில் இருந்தார். ஐந்து ஆண்டு கழித்து அவரைப் பள்ளிக்குக் கூட்டிப்போனார்கள்.